ஒரு ப்ரொசசர், மூன்று வோல்ட்டேஜ்: எந்த இலக்கத்தை நம்புவது?

கணினிக் கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "நானா, இந்த ப்ரொசசர எத்தின வோல்ட் வரைக்கும் ஓட்டலாம்?" பதிலும் தயாராக இருக்கும். "1.35க்கு மேல போகாம வெச்சிக்கோங்க தம்பி." கேட்டவரும் சொன்னவரும் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் சிக்கல் தொடங்குகிறது. பயோஸ்ல ஒரு இலக்கம் ஈக்கிது; சொஃப்ட்வெயர்ல வேற ஒண்டு காட்டுது; அதே சொஃப்ட்வெயரில் நாலு வரி கீழே மூன்றாவது ஒன்று. கடைக்காரர் சொன்ன 1.35 இவற்றில் எது?

இது விளையாட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமல்ல. கலியாண வீடியோ எடிற் செய்து உழைப்பவர், கட்டடப் படம் வரைபவர், பழைய ப்ரொசசர் ஒன்றை வாங்கி அதிலிருந்து இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்க நினைக்கும் மாணவர் என்று நம்மட சமூகத்திலும் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். ஒரு ப்ரொசசரின் விலை ஒரு குடும்பத்தின் மாதச் செலவைத் தாண்டும் காலம் இது. இலக்கத்தைப் பிழையாக வாசித்தால் காசும் போகும், வேலையும் போகும். ஆகவே அந்த இலக்கங்கள் எங்கிருந்து வருகின்றன, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்பதை ஆறுதலாகப் பார்ப்போம்.

வேகத்துக்கு ஏன் வோல்ட்டேஜ் வேண்டும்?

பாடநூல்கள் முறைவழியாக்கி என்று அழைக்கும் ப்ரொசசருக்குள் கோடிக்கணக்கான திரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய மின் கொள்ளளவி போல நடந்துகொள்கிறது. அது நிரம்பினால் ஒரு நிலை, வெறுமையானால் மறு நிலை. ப்ரொசசர் 5 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிறது என்றால் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 0.2 நனோசெக்கன்தான். அதற்குள் நிரம்ப வேண்டியது நிரம்பி, அடுத்த வரிசைக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். வோல்ட்டேஜைக் கூட்டினால் திரான்சிஸ்டர் வேகமாக நிரம்பும். துடிப்பை விரைவாக்குவோர் வோல்ட்டேஜையும் தொடுவது இதனால்தான்.

1998இல் வந்த இன்டெல் செலரோன் 300ஏ இந்தக் கலையைப் பிரபலமாக்கியது. 66 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹேர்ட்ஸ் ப்ரொசசர் 450இல் ஓடியது. பலருக்கு வோல்ட்டேஜைத் தொடவே தேவைப்படவில்லை. இன்று நிலைமை வேறு. கம்பனிகளே ப்ரொசசரை அதன் எல்லைக்குக் கிட்டவாக ஓடவிட்டுத்தான் விற்கின்றன. மிச்சம் இருப்பது கொஞ்சம். அதை எடுக்கக் கொடுக்கும் விலை அதிகம்.

அந்த விலையைக் கணக்காகப் பார்க்கலாம். ப்ரொசசர் செலவழிக்கும் வலு, துடிப்பு வேகத்தோடு நேராகவும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 4.0 கிகாஹேர்ட்ஸை 4.4 ஆக்க, 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 10 வீதம்தான். ஆனால் வலு 1.1 × 1.1 × 1.1, அதாவது ஏறத்தாழ 33 வீதம் கூடுகிறது. பத்து வீத வேகத்துக்கு முப்பத்துமூன்று வீதச் சூடு.

இன்னொரு விடயம். 1978இல் வந்த 8086 ப்ரொசசர் 5 வோல்ட்டில் ஓடியது. 1993இல் வந்த முதலாவது பென்டியமும் 5 வோல்ட்தான். அடுத்த வருடம் அது 3.3 ஆனது. இன்றைய ப்ரொசசர்கள் 1 வோல்ட்டை ஒட்டி ஓடுகின்றன. 5 வோல்ட்டில் 0.1 பிசகினால் 2 வீதம். 1.2 வோல்ட்டில் அதே 0.1 பிசகு 8 வீதத்துக்கு மேல். முன்னர் கண்டுகொள்ளாமல் விட்ட வித்தியாசம் இப்போது ப்ரொசசரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சுவரிலிருந்து சிலிக்கன் வரை

சுவரில் 230 வோல்ட். பவர் சப்ளை அதை 12 வோல்ட்டாக்கி மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. மதர்போர்டில், ப்ரொசசரைச் சுற்றி ஹீற்சிங்குக்குக் கீழே வரிசையாக நிற்கும் சுருள்களும் மொஸ்பெற்களும் சேர்ந்த வோல்ட்டேஜ் ரெகுலேற்றர், அந்த 12ஐ ஏறத்தாழ 1 வோல்ட்டுக்கு இறக்குகிறது. வோல்ட்டேஜ் இறங்கும்போது ஓட்டம் ஏறும். ப்ரொசசர் 1.2 வோல்ட்டில் 150 அம்பியர் எடுத்தால் அது 180 வொட். 12 வோல்ட் பக்கத்தில் அதற்கு 15 அம்பியரும், ரெகுலேற்றரில் சூடாக வீணாவதற்குக் கொஞ்சம் கூடவும் போதும்.

"வீட்டுக் கரண்ட் கூடிக் குறையிறதாலதான் வீகோர் ஆடுது" என்று சிலர் சொல்வார்கள். நல்ல பவர் சப்ளை என்றால் அப்படி நடக்காது. 12 வோல்ட் பாதையில் அனுமதிக்கப்படும் விலகல் 5 வீதம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. அதற்குள் எப்படி ஆடினாலும் ரெகுலேற்றர் தன் பங்குக்குச் சரிசெய்துவிடும். சொஃப்ட்வெயர் 12 வோல்ட்டுக்குப் பதிலாக 8 அல்லது 9 எனக் காட்டினால் பயந்து பவர் சப்ளையை மாற்ற ஓடவேண்டாம். உண்மையில் அவ்வளவு இறங்கியிருந்தால் கணினி எழும்பியே இருக்காது. அந்த போர்ட்டின் அளவீட்டை எந்தப் பெருக்கத்தால் திருத்த வேண்டும் என்பது சொஃப்ட்வெயருக்குத் தெரியாததால் வரும் பிழை அது.

மூன்று இலக்கங்கள்

முதலாவது, பயோஸில் நாம் எழுதும் இலக்கம். அது ரெகுலேற்றருக்குக் கொடுக்கும் கட்டளை. "1.35 கொடு" என்று சொன்னதற்கான சான்று மட்டுமே, கொடுக்கப்பட்டது என்பதற்கான சான்றல்ல.

இரண்டாவது, விஐடி. இது ப்ரொசசர் ரெகுலேற்றரிடம் கேட்கும் அளவு. ஒவ்வொரு ப்ரொசசருக்கும் எந்த வேகத்துக்கு எவ்வளவு வேண்டும் என்ற அட்டவணை தொழிற்சாலையிலேயே அதற்குள் எழுதப்படுகிறது. ஒரே மாதிரி, ஒரே பெட்டி, ஒரே விலை என்றாலும் இரண்டு ப்ரொசசர்களின் விஐடி ஒன்றாக இருக்காது. பிள்ளையின் சப்பாத்து அளவை நண்பரின் பிள்ளையின் காலைப் பார்த்து முடிவெடுக்க முடியாதுதானே; "எனக்கு 1.25இல் 5 கிகாஹேர்ட்ஸ் ஓடுது" என்று ஒருவர் சொல்வது உங்கள் ப்ரொசசருக்கு வழிகாட்டியாகாது. பயோஸில் கையால் ஓர் அளவை நிறுத்திவிட்டால் ரெகுலேற்றர் விஐடியைக் கவனிக்காமலேயே இருக்கலாம். அப்போது திரையில் விஐடி 1.42 என்று வந்தாலும் ப்ரொசசருக்குப் போவது அதுவல்ல. பலர் வீணாகப் பயப்படுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, வீகோர். இதுதான் அளக்கப்பட்ட இலக்கம். மதர்போர்டில் இருக்கும் கண்காணிப்புச் சிப் ஒன்று ஒரு குறிப்பிட்ட புள்ளியில் வோல்ட்டேஜைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது. சில போர்ட்களில் ரெகுலேற்றரின் கட்டுப்பாட்டுச் சிப்பே தான் கொடுக்கும் அளவை அறிவிக்கும்; எச்டபிள்யுஇன்ஃபோ போன்ற சொஃப்ட்வெயர்களில் அது விஆர் விஅவுட் என்ற பெயரில் தனி வரியாக வரும். பல ரைசன் ப்ரொசசர்களில் எஸ்விஐ2 டிஎஃப்என் என்று தொடங்கும் வரிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அந்த வரி இருந்தால் அதைப் பார்ப்பதே நல்லது.

சுருக்கமாக: பயோஸில் இருப்பது கட்டளை, விஐடி கோரிக்கை, வீகோர் அளவீடு. கடைக்காரர் சொன்ன 1.35 எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் வந்தால் அந்த ஆலோசனையால் பயனில்லை.

சுமை ஏறினால் வோல்ட்டேஜ் இறங்கும்

வீட்டின் மேல்தட்டில் தண்ணீர்த் தாங்கி. ஒரு பைப்பைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து வரும். குசினி, குளியலறை, முற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தால் ஒவ்வொன்றிலும் அழுத்தம் குறையும். ப்ரொசசரிலும் இதேதான். இன்டெல் நிறுவனம் இதைக் குறையாக அல்ல, விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. லோட்லைன் என்பது அதன் பெயர். 12ஆம் 13ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டொப் ப்ரொசசர்களுக்கு அது 1.1 மில்லிஓம்.

கணக்கு இப்படி வரும். கட்டளை 1.35 வோல்ட், ஓட்டம் 150 அம்பியர். 150ஐ 0.0011ஆல் பெருக்கினால் 0.165. ஆகவே முழுச் சுமையில் வீகோர் 1.185க்கு வரும். போர்ட் பிழையானது என்று இதை நினைக்கக்கூடாது. அது தனக்குச் சொன்னபடி நடக்கிறது.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்? சுமை திடீரென ஏறும்போதும் இறங்கும்போதும் ரெகுலேற்றரால் அந்தக் கணத்திலேயே ஈடுகொடுக்க முடியாது. ஏறும்போது ஒரு கணம் வோல்ட்டேஜ் பள்ளத்தில் விழும். சுமை விலகும்போது ஒரு கணம் துள்ளி மேலே போகும். முழுச் சுமையில் 1.185இல் நிற்கும் வோல்ட்டேஜ், சுமை விலகித் துள்ளினாலும் 1.35ஐ ஒட்டியே அடங்கும். முழுச் சுமையிலும் 1.35இலேயே கட்டிவைத்தால் துள்ளல் 1.35ஐத் தாண்டி எங்கோ போகும்.

இதை அறியாமல், இறக்கத்தைக் குறையாக நினைத்து எல்எல்சி எனும் லோட்லைன் கலிபரேஷனை ஆக உயர்ந்த படிக்கு ஏற்றிவிடுகிறார்கள். திரையில் வீகோர் ஆடாமல் ஒரு கோடு போல நிற்கும். பார்க்க அழகு. ஆனால் மைக்ரோசெக்கன்களில் முடிந்துவிடும் துள்ளல்கள் அந்தத் திரையில் வருவதேயில்லை. அவற்றைப் பார்க்க ஒஸிலொஸ்கோப் வேண்டும். நேர்கோடாகத் தெரியும் வாசிப்பின் கீழே ப்ரொசசர் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான அடிகள் வாங்கிக்கொண்டிருக்கலாம். நடுப் படியில் வைத்து, கொஞ்சம் இறக்கத்தை ஏற்றுக்கொள்வதே புத்தி. போர்ட்டுக்குப் போர்ட் படிகளின் எண் தலைகீழாக வரும் என்பதையும் கவனியுங்கள். சிலவற்றில் 1 உயர்ந்தது, சிலவற்றில் 8 உயர்ந்தது.

எங்கே அளந்தார்கள், எப்போது அளந்தார்கள்?

வீகோர் அளவீடு என்றாலும் அதுவும் முழு உண்மையல்ல. முதலில் இடம். பல போர்ட்களில் அளவு எடுக்கப்படுவது சொக்கற்றுக்கு அருகில். அங்கிருந்து சிலிக்கன் வரை இன்னும் கொஞ்சம் தடை இருக்கிறது. அது 0.5 மில்லிஓம் எண்டு வைப்போம். 100 அம்பியரில் 0.05 வோல்ட் வித்தியாசம். அதாவது சுமை நேரத்தில் சிலிக்கனுக்குக் கிடைப்பது திரையில் தெரிவதை விடக் குறைவு. சிலிக்கனிலிருந்தே அளவெடுக்கும் போர்ட்கள் இதைச் சரியாகக் காட்டும். ஆகவே ஒரு போர்ட்டில் 1.30, மற்றதில் 1.25 என்று வந்தால் ப்ரொசசர் வித்தியாசமாக நடக்கிறது என்று அவசரப்பட வேண்டாம். அளந்த இடம் வேறாக இருக்கலாம்.

அடுத்தது அளவுகோலின் நுணுக்கம். கண்காணிப்புச் சிப் பெரும்பாலும் 8 மில்லிவோல்ட் படிகளில்தான் எண்ணும், பழையவை 16. அதனால் 1.296, 1.304, 1.312 என்று குதிக்கும். இடையில் இருக்கும் உண்மை அளவு தெரியாது. ஒரு படி ஏறி இறங்குவதைப் பார்த்து "ஸ்டேபிள் இல்ல" என்று முடிவெடுப்பது, கிலோக் கணக்கில் நிறுக்கும் தராசில் ஏலக்காய் நிறுத்தது போன்றது.

பிறகு நேரம். சொஃப்ட்வெயர் வழமையாக ஒன்று இரண்டு செக்கனுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. ப்ரொசசர் தன் வேகத்தையும் வோல்ட்டேஜையும் சில மில்லிசெக்கன்களில் மாற்றுகிறது. திரையில் தெரியும் ஆகக்கூடிய அளவு என்பது, எட்டிப் பார்த்த நேரங்களில் கண்டவற்றில் ஆகக்கூடியது மட்டுமே.

பார்ப்பதே நிலைமையை மாற்றுவதும் உண்டு. வைத்தியரைக் கண்டவுடன் சிலருக்குப் பிரஷர் ஏறும். 2019 ஜூலையில் ரைசன் 3000 வரிசை வந்தபோது, சும்மா இருக்கும் கணினியிலும் 1.4 முதல் 1.5 வோல்ட் வரை காட்டுகிறது என்று உலகெங்கும் பாவனையாளர்கள் பதறினார்கள். ஏஎம்டி கொடுத்த விளக்கம் இதுதான்: கண்காணிக்கும் சில சொஃப்ட்வெயர்கள் அடிக்கடி வந்து கோர்களைத் தட்டியெழுப்புகின்றன; எழும்பிய கோர் உடனே உச்ச வேகத்துக்குப் போகிறது; அந்த உச்சத்தின் வோல்ட்டேஜையே சொஃப்ட்வெயர் பதிந்துகொள்கிறது. ஒரு கோர் மட்டும் குறைந்த ஓட்டத்தில் சிறிது நேரம் 1.45 எடுப்பதும், எல்லாக் கோர்களும் முழுச் சுமையில் மணிக்கணக்காக 1.45 எடுப்பதும் ஒன்றல்ல. முன்னையது வடிவமைப்பின் பகுதி. பின்னையது ப்ரொசசரைத் தின்றுவிடும்.

இரண்டு வருடங்கள் தந்த பாடம்

2023 ஏப்ரலில் ரைசன் 7 7800எக்ஸ்3டி வகைப் ப்ரொசசர்கள் சில, மதர்போர்ட் சொக்கற்றோடு சேர்ந்து கருகிப்போன படங்கள் வெளிவந்தன. பலர் வீகோரைத்தான் பார்த்தார்கள். பிரச்சினை எஸ்ஓசி வோல்ட்டேஜ் எனும் இன்னொரு பாதையில் இருந்தது. நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பை ஒரு சொடுக்கில் இயக்கியபோது, சில போர்ட்கள் அந்தப் பாதையின் வோல்ட்டேஜைத் தாமாகவே ஏற்றியிருந்தன. ஏஎம்டி புதிய பயோஸ்கள் மூலம் அதை 1.3 வோல்ட்டுக்குள் மட்டுப்படுத்தியது. ஆட்டோ என்று விட்டிருக்கும் இடங்களையும் வாசிக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

2024இல் இன்டெலின் முறை வந்தது. 13ஆம் 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் ப்ரொசசர்கள் பலவற்றில் விளையாட்டுகளும் வேறு வேலைகளும் திடீர் திடீரென நின்றன. சில விளையாட்டுகள் "வீடியோ நினைவகம் போதாது" என்று எழுதிக் காட்டின. கிராபிக் கார்டை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. கோளாறு ப்ரொசசரில் இருந்தது. மைக்ரோகோட்டில் இருந்த பிழையால் ப்ரொசசர் தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜைக் கேட்டது என ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகளை மட்டுப்படுத்தியது. உத்தரவாதக் காலமும் இரண்டு வருடங்களால் நீட்டப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன ப்ரொசசரைத் திருத்தம் குணமாக்காது என்பதும் தெளிவானது. இங்கே கோரிக்கையே பிழையாக இருந்தது. ஓவர்க்ளொக் செய்யாதவர்களும் பாதிக்கப்பட்டார்கள். ப்ரொசசர் தானாகக் கேட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு.

அப்படியானால் ஆபத்தில்லாத அளவு எது?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் இலக்கம் கிடையாது. இன்டெலின் ஆவணங்களில் 8ஆம் 9ஆம் தலைமுறைகளுக்கு 1.52 என்றும் 12ஆம் தலைமுறைக்கு 1.72 என்றும் ஓர் உச்ச அளவு வரும். அது ரெகுலேற்றரிடம் கேட்கக்கூடிய உச்ச எல்லை. "இதில் ஓட்டுங்க" என்ற அனுமதியல்ல. வேகமானியில் 180 என்று எழுதியிருப்பதால் காலி வீதியில் 180இல் ஓட்டலாமா?

தேய்வு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்தால் விடை கொஞ்சம் தெளிவாகும். மெல்லிய உலோகக் கம்பிகளில் கடும் ஓட்டம் பாயும்போது, இலத்திரன்கள் அணுக்களை மெதுவாக இடம்பெயர்க்கின்றன. ஜேம்ஸ் பிளாக் 1969இல் எழுதிய சமன்பாட்டின்படி, கம்பியின் ஆயுள் ஓட்ட அடர்த்தி கூடும்போது வேகமாகக் குறைகிறது. வெப்பநிலை கூடும்போது இன்னும் வேகமாக. திரான்சிஸ்டரின் மெல்லிய காவலிப் படையும் கூடிய வோல்ட்டேஜில் மெல்ல மெல்லச் சேதமடைகிறது. ஆகவே வோல்ட்டேஜ், ஓட்டம், வெப்பநிலை, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஆபத்து. 2002இல் வந்த பென்டியம் 4 நோர்த்வூட்களில் 1.7 வோல்ட்டுக்கு மேல் ஏற்றப்பட்டவை சில மாதங்களில் திடீரெனச் செத்துப்போனதை அந்தக் காலத்து ஆர்வலர்கள் மறக்கவில்லை. அவற்றின் வழமையான அளவு 1.5 வோல்ட்தான்.

நமது சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பரிசோதகர்கள் பலர் 20 பாகையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். கொழும்பில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை 30 பாகை. ப்ரொசசரின் சூடு அந்த 30க்கு மேல்தான் ஏறும். அவர் சொல்லும் வோல்ட்டேஜை அப்படியே எழுதினால் பத்துப் பாகை கூடுதலாகத் தொடங்குகிறீர்கள்.

வாசிக்கும் ஒழுங்கு

எதையும் மாற்றுவதற்கு முன் தொழிற்சாலை அமைப்பில் மூன்று வாசிப்புகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: சும்மா இருக்கும்போது, லேசான வேலையில், முழுச் சுமையில். ஒவ்வொன்றிலும் வீகோர், விஐடி, வெப்பநிலை, வொட். சொஃப்ட்வெயர் காட்டும் வொட் பல வேளைகளில் விஐடியை ஓட்டத்தால் பெருக்கி வருவது. லோட்லைன் அமைப்புப் பிழையாக இருந்தால் அந்த வொட்டும் பிழை.

கண்காணிப்புச் சொஃப்ட்வெயர் ஒன்றை மட்டும் திறவுங்கள். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒன்றின் வாசிப்பை ஒன்று குழப்பும்.

எல்எல்சியை நடுப் படியில் வைத்து, வேகத்தை 100 மெகாஹேர்ட்ஸால் கூட்டுங்கள். நின்றுவிட்டால் வோல்ட்டேஜை 0.01 அல்லது 0.02ஆல் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் முழுச் சுமையிலான வீகோரை எழுதுங்கள். ப்ரொசசர் நிலைப்பதும் விழுவதும் அந்த இலக்கத்தில்தான். அடுத்த 100 மெகாஹேர்ட்ஸுக்கு முன்னர் கேட்டதைப் போல இரண்டு மடங்கு வோல்ட்டேஜ் கேட்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். ப்ரொசசர் தன் எல்லையைச் சொல்லிவிட்டது.

முழுச் சுமைச் சோதனை மட்டும் போதாது. பாரம் ஏறி இறங்கும் வேலைகளிலும் பாருங்கள். பள்ளமும் துள்ளலும் அங்கேதான். நீலத்திரை வராதது நல்ல சகுனம். ஆனால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் வன்பொருள் பிழைகள் மௌனமாகச் சேர்கின்றனவா என்றும் தேடுங்கள். ரைசனில் வோல்ட்டேஜ் போதாவிட்டால் வேகம் அப்படியே இருப்பதாகக் காட்டிக்கொண்டு உள்ளே துடிப்பை நீட்டும் பழக்கமும் உண்டு. எஃபெக்டிவ் க்ளொக் என்ற வரியையும் வேலை முடியும் நேரத்தையும் பார்த்தால் அது பிடிபடும்.

பாவித்த ப்ரொசசர் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. அது முன்னர் எத்தனை வோல்ட்டில் ஓடியது என்பதை எந்தச் சொஃப்ட்வெயரும் சொல்லாது. ஆனால் தொழிற்சாலை அமைப்பிலேயே தடுமாறும் ப்ரொசசர், கொஞ்சம் வோல்ட்டேஜ் கூட்டினால் சரியாகிறது என்றால், அது தேய்ந்ததற்கான வலுவான அறிகுறி. "கொஞ்சம் ஏத்தினா நல்லா ஓடும்" என்று விற்பவர் சொன்னால் அந்த வசனத்தை எச்சரிக்கையாகவே எடுங்கள்.

கடைசியாக, வோல்ட்டேஜைக் குறைத்துப் பார்ப்பதும் இதே கலைதான். இன்றைய ப்ரொசசர்கள் பலவற்றில் 0.05 வோல்ட் குறைத்தும் அதே வேகத்தில் நிலைக்க இடமுண்டு. 1.30ஐ 1.25 ஆக்கினால் வர்க்கக் கணக்கின்படி சூடு ஏறத்தாழ 7.5 வீதம் குறையும். வீடியோ எடிற் செய்து பிழைக்கும் ஒருவருக்கு, வெளிநாட்டுத் தரவரிசையில் இரண்டு புள்ளி ஏறுவதை விட, கலியாண வீட்டாருக்குச் சொன்ன நாளில் வேலையைக் கொடுக்கும் கணினிதான் பெறுமதி. எந்த இலக்கம், எங்கே அளந்தது, எந்தச் சுமையில் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு, பிறகு பயோஸில் கை வையுங்கள்.